டயல் சொல்வதும் ஜாப் சொல்வதும்

லேத்தில் டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ஒரு மலிவான டிஜிட்டல் ஸ்கேலைப் பொருத்தியதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது. கைப்பிடியைத் திருகினால் சின்னத் திரையில் எண் ஓடுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. 12.47 என்றால் 12.47தான். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்ற பாவனையே அதன் முகத்தில் இல்லை. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் எந்திரம் முழுக்க முழுக்க முன்னே பின்னேயால் ஆனது. ஏதோ ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் தலைமுறைக் கணக்கில் உழைத்து, கழித்துக் கட்டப்பட்டு, பழைய இரும்புக்கடை வழியாக என் வீட்டுக் கொல்லைக் கொட்டகைக்கு வந்து சேர்ந்த நாலரை அடி லேத் அது. கடையும் பொருளை, அதாவது ஜாப்பை, பிடிக்கும் சக்கை ஒட்டிய இடத்தில்தான் எல்லா வேலையும் ஓடியிருக்கும் என்பதால் அங்கே பெட் தேய்ந்திருக்கிறது. டெயில் ஸ்டாக் பக்கம் தேயவில்லை. கேரேஜை இடமிருந்து வலமாகத் தள்ளினால் பாதி தூரத்துக்குப் பிறகு கை கொஞ்சம் இறுக்கத்தை உணரும். இவ்வளவு தேய்மானத்தின் மேல் இரண்டு தசம இடத்துக்குச் சுத்தமாக ஓர் எண் நிற்கும்போது, இந்த நிச்சயம் எங்கிருந்து வந்தது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்கேல் வருவதற்கு முன் அந்த இடத்தில் டயல் மட்டும்தான். கைப்பிடியின் கழுத்தில் ஒரு வளையம், அதன் விளிம்பில் மயிரிழைக் கோடுகள், எதிரே அசையாத ஒற்றைக் கோடு. ஒரு கோடு தாண்டினால் டூல் எவ்வளவு உள்ளே போகும் என்பது திருகின் புரியைப் பொறுத்தது. ஆனால் டயல் அளப்பது கைப்பிடியின் சுழற்சியைத்தான். டூல் நகர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. உள்ளே போய்க்கொண்டிருந்த ஸ்லைடை வெளியே இழுக்கத் திருப்பிப் பாருங்கள். கால் சுற்று, தேய்ந்த லேத்தில் அதற்கும் மேல், கைப்பிடி வெறுமனே சுற்றும். கோடுகள் ஓடும், ஸ்லைடு அசையாது. பிறகு விரல் நுனியில் லேசான ஒரு தடை தட்டும். திருகின் புரி நட்டின் மறுபக்கச் சுவரைத் தொட்ட இடம் அது. அங்கிருந்துதான் நகர்வு தொடங்குகிறது. பேக்லாஷ் என்று புத்தகம் சொல்லும் இந்த வெற்றுச் சுற்றைப் பட்டறையில் ஆட்டம் என்பார்கள். எனக்கு லேத் ஓட்டச் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதலில் கற்பித்ததும் இதைத்தான். "பின்னாடி வரணும்னா அரைச் சுத்து கூடவே வந்துட்டுத் திரும்ப உள்ள போங்க தம்பி. எப்பவும் ஒரே பக்கமா இருந்து போய்ச் சேர்ந்தாத்தான் டயல் நெசஞ் சொல்லும்." அளவு எடுக்கும் கருவியை நம்புவதற்கு முன் அது எந்தத் திசையில் பொய் சொல்லும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

எங்கள் மதுரையில் இந்த அறிவு எப்படிச் சேர்ந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை வந்தது. 1911இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பேருந்தும் லாரியுமாக வளர்ந்தது. ஆலைக்கும் வண்டிக்கும் பழுது ஓயாது; பழுது இருக்கும் இடத்தில் லேத் இருக்கும். இன்றைக்குக் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் கப்பலூரிலும், நகரத்துச் சந்துகளில் ஷட்டர் போட்ட ஒற்றை அறைகளிலும் அந்த வேலை நடக்கிறது. கரும்புச்சாறு எந்திரத்தின் உருளை, டிராக்டர் பின்னுக்கு ஒரு புஷ், அரிசி ஆலை ஷாஃப்ட், தண்ணி மோட்டாரில் பேரிங் ஓடித் தேய்ந்த இடம். வருகிற ஜாப் ஒவ்வொன்றும் முதல்முறை. அப்படியான ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு லேத்துக்கும் ஒரு குணம் உண்டு; எவ்வளவு ஆட்டம், எந்த இடத்தில் இறுக்கம், நீள ஓட்டத்தில் எத்தனை மைக்ரான் சாய்வு என்பதெல்லாம் அதை ஓட்டுகிறவரின் கைக்குள் இருந்தது. அவர் ஊருக்குப் போனால் அந்த லேத்தில் வேறொருவர் துல்லியமான வேலை செய்ய முடியாது. அது ஒரு பெருமை. ஒரு பாதுகாப்பும்கூட.

என் ஸ்கேலுக்கு அந்தக் குணம் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதன் எஃகுப் பட்டையில் ஒட்டியிருக்கும் தாளுக்கு அடியில் வரிசை வரிசையாகச் செம்புத் தகடுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. மேலே ஊரும் தலைக்குள் அதேபோல் இன்னொரு வரிசை. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையிலுள்ள மின்தேக்கத் திறன் இடத்துக்கு இடம் மாறுவதை வைத்துத் தலை தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த இங்வார் ஆண்டர்மோ 1980களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற வழி இது. பெரிய நிறுவனங்களின் விலையுயர்ந்த கருவிகளில் தொடங்கிய அந்த நுட்பம், பின்னாளில் சீனத் தொழிற்சாலைகளின் வழியாக, சட்டைப் பொத்தான் அளவிலான ஒன்றரை வோல்ட் பேட்டரியில் ஓடும் வெர்னியராக எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. ஆலைகளில் பொருத்தும் கண்ணாடி ஸ்கேல் கொண்ட முழு டி.ஆர்.ஓ. (டிஜிட்டல் ரீட்-அவுட்) வாங்கப் பல ஆயிரம் வேண்டும். ஒரு டிஜிட்டல் வெர்னியரின் தாடைகளை அறுத்தெடுத்துவிட்டு, பட்டையை லேத்தில் கட்டிவிட்டால் அந்த வேலையில் பெரும்பகுதி நடந்துவிடுகிறது. வீட்டுப் பட்டறை வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

பொருத்துவது எளிதுபோலத் தோன்றும், ஆனால் பொருத்தும்போதுதான் பல விஷயங்கள் புரிகின்றன. ஸ்லைடின் பக்கவாட்டில் எம்4 புரி போட 3.3 மில்லிமீட்டர் துளை. எஃகில் துளையிட்டால் சுருள் சுருளாகப் பிசிறு வரும். வார்ப்பிரும்பில் கறுப்புப் பொடி கொட்டும், விரல் ரேகைக்குள் புகுந்துகொண்டு சோப்புக்கும் போகாது. வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட் அது. புரி போடும் டேப்பை அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று கொண்டுபோகும்போது நறநறவென்று ஒரு சத்தம் மணிக்கட்டு வரை ஏறும். பட்டையை ஸ்லைடின் ஓட்டத்துக்கு இம்மி பிசகாமல் இணையாக வைக்க வேண்டுமென்று பலரும் மெனக்கெடுகிறார்கள். கணக்குப் போட்டால், 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருந்தாலும் அந்த 100இல் வரும் பிழை ஐந்து மைக்ரான்தான். உண்மையான எதிரி அங்கே இல்லை. தலையைப் பிடித்திருக்கும் தகரம் மெல்லியதாக இருந்தால் தள்ளும்போது ஒரு பக்கமும் இழுக்கும்போது மறுபக்கமுமாக வளையும். திருகின் ஆட்டத்தை ஒழித்துவிட்டு பிராக்கெட்டின் ஆட்டத்தைக் குடிவைத்ததுபோல் ஆகிவிடும். எண்ணில் இது தெரியாது. பட்டைக்கும் தலைக்கும் நடுவே கூலன்ட் புகுந்தால் மின்தேக்கத் திறன் மாறிவிடும். எண் குதிக்கும் அல்லது உறைந்து நிற்கும். மோட்டார் கிளம்பும் அதிர்ச்சியிலும் சில ஸ்கேல்கள் கணக்கைத் தொலைத்துவிடும். இவற்றைப் பற்றி நான் கவலைப்படவில்லை. எண் குதித்தால் ஏதோ கோளாறு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். குதிக்காமல், அமைதியாக, தவறாக நிற்கும் எண்ணைப் பற்றித்தான் என் கலக்கம்.

டயல் திருகை அளக்கிறது. ஸ்கேல் ஸ்லைடை அளக்கிறது. இரண்டுமே ஜாப்பை அளப்பதில்லை. ஸ்கேல் ஜாப்புக்கு ஒரு படி நெருங்கி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு படிக்குள் எத்தனை விஷயங்கள் கிடக்கின்றன என்பதற்கு அன்றாடம் வரும் ஒரு வேலையையே எடுத்துக்கொள்ளலாம். சின்ன மோட்டார்களில் சாதாரணமாகக் காணும் 6205 பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். அது ஷாஃப்டில் இறுக்கமாக உட்கார வேண்டுமென்றால் கே6 என்ற பொருத்தம் சொல்லப்படும்: 25க்கு மேல் குறைந்தது 2 மைக்ரான், அதிகபட்சம் 15 மைக்ரான். நமக்குக் கிடைத்திருக்கும் இடம் மொத்தமே 13 மைக்ரான். ஸ்கேலின் கடைசி இலக்கமோ 10 மைக்ரான். ஸ்லைடு 10 மைக்ரான் நகர்ந்தால் விட்டத்தில் 20 குறையும். இரண்டு பக்கமும் சேர்த்துத்தானே சீவுகிறோம். இத்தகைய வெர்னியர்களுக்கு உற்பத்தியாளரே கூட்டியும் குறைத்தும் 20, 30 மைக்ரான் பிழையை ஒப்புக்கொள்கிறார். ஆக, திரையில் தெரியும் மிகச் சிறிய அசைவேகூட நமக்கு வேண்டிய முழு இடத்தைவிடப் பெரியது. ஸ்கேலை மட்டும் நம்பிக் கடைந்த ஷாஃப்டில் பேரிங் உள்ளங்கை அழுத்தத்திலேயே வழுக்கிக்கொண்டு போகலாம், அல்லது சுத்தியல் அடித்தும் ஏறாமல் நிற்கலாம். திரை இரண்டு தடவையும் ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும்.

மதுரை வெயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். உலகம் முழுவதும் நீள அளவுகளுக்கு ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. மார்கழி விடியலைத் தவிர எங்கள் ஊரில் அந்த 20 தானாக வருவதில்லை. சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழே 40 டிகிரி சாதாரணம். லேத்தின் பெட்டில் கையை வைத்தால் சூடு தெரியும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய பதினொன்றரை மைக்ரான் நீளும். லேத்தும் ஜாப்பும் மைக்ரோமீட்டரும் எல்லாம் எஃகும் இரும்புமாக ஒரே சூட்டில் இருந்தால் எல்லாம் ஏறக்குறைய சேர்ந்தே விரிகின்றன, பெரிய நஷ்டமில்லை. ஆனால் சீவி முடித்த ஜாப் மட்டும் அறையைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கிறது என்று வையுங்கள். 25 மில்லிமீட்டர் விட்டம் ஆறு மைக்ரான் அளவுக்கு ஊதி நிற்கும். நமக்கிருந்த 13இல் பாதி அங்கேயே போயிற்று. சூட்டோடு அளந்து சரியென்று கழற்றிய ஷாஃப்ட், டீ குடித்துவிட்டு வருவதற்குள் சிறுத்துவிடுகிறது. பழைய டர்னர்கள் கடைசிச் சீவலுக்கு முன் லேத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்காகப் போகிறார்கள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். திரும்பி வந்ததும் அவர்கள் புறங்கையை ஜாப்பின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் மைக்ரோமீட்டரை எடுப்பார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கையைப் புகழ்ந்து கருவியைக் குறை சொல்லும் கட்டுரையாக இது முடிந்துவிடும். அந்த முடிவு எனக்குச் சம்மதமில்லை. கையின் அறிவைப் பற்றி நெகிழ்ந்து பேசுவது அதை வைத்துக் கூலி வாங்காதவர்களுக்கு மிகச் சுலபம். நான் பொழுதுபோக்காக லேத் ஓட்டுகிறவன். ஒரு ஜாப் கெட்டால் துண்டுக் கம்பி ஒன்றுதான் போகும். பட்டறைக்காரருக்கு அப்படியில்லை. அவருக்கு வயதாகிறது. ஐம்பதைத் தாண்டினால் கிட்டத்துப் பார்வை மங்குகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில், எண்ணெய் படிந்த வளையத்தில், மயிரிழைக் கோடுகளில் எது 7, எது 8 என்று குனிந்து பார்த்தே கழுத்து போகிறது. கை அத்தனை சுத்தமாக இருந்தும் கண்ணால் மட்டும் வேலையை விட்டவர்கள் உண்டு. ஒரு விரற்கடை உயரத்தில் கறுப்பாகத் தெரியும் எண் அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது இன்னும் பத்து வருட வேலையை. நான் என் லேத்தைக் காட்டியபோது அந்தப் பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான். "இது எம்புட்டு தூரத்துல இருந்து தெரியும் தம்பி?" துல்லியத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. துல்லியம் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்திரத்தின் குணம் ஒருவரின் கைக்குள் மட்டும் இருந்ததைப் பெருமை என்றேன். அதன் மறுபக்கம் வேலை கற்க வந்த பையன்களிடம் இருந்தது. பிசிறு அள்ளி, டீ வாங்கி, ஜாப்பைத் துடைத்து வைத்து, கைப்பிடியைத் தொட அனுமதி கிடைப்பதற்குள் மீசை முளைத்துவிடும். எவ்வளவு ஆட்டம் என்று கேட்டால் பதில் வராது. பார்த்துத் திருடிக்கொள்ள வேண்டும். தன் பிழைப்புக்கு ஒரே காப்பு அந்த ரகசியம் என்று நினைத்த மனிதரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனாலும் அறிவு அந்த வழியில் பாதிதான் கைமாறியது. மீதி அவரோடு போயிற்று. ஸ்கேல் வந்த லேத்தில் ஆட்டம் ரகசியமாக இருக்க முடியாது. ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவு முடித்துவிட்டு வரும் பிள்ளை முதல் நாளே கைப்பிடியைத் திருப்பிப் பார்த்து, டயல் எவ்வளவு ஓடியது, ஸ்லைடு எவ்வளவு நகர்ந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காணலாம். எந்திரத்தின் பொய் எத்தனை என்று ஒரு எண்ணாகவே அவனுக்குக் கிடைத்துவிடுகிறது. சில நூறு ரூபாய்க்கு இப்படியொரு பாடம் வேறெங்கும் கிடைக்காது. ஆலைகளிலிருந்து வந்த பழைய இங்கிலாந்து லேத்துகளின் டயல்களில் இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றுதான் கோடு இருக்கும். 1956இல் சட்டம் மெட்ரிக்குக்கு மாறியது, எந்திரம் மாறவில்லை. ஒவ்வொரு கோட்டையும் 0.0254ஆல் பெருக்கிப் பெருக்கியே ஒரு தலைமுறை வேலை பார்த்தது. ஸ்கேலில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அந்தச் சுமை இறங்கியதை நான் நஷ்டமாகப் பார்க்க மாட்டேன்.

அப்படியானால் எனக்கு மிச்சமிருக்கும் கலக்கம் எதைப் பற்றியது? ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி என்ற பட்டறைக்காரர் தன் மேசையில் ஒரு மைக்ரோமீட்டரை வைத்திருந்தார். இஞ்சில் பத்தாயிரத்தில் ஒரு பங்குவரை காட்டும் கருவி. அளவில் யாருக்கும் தகராறு வந்தால் பொருளை அதில் வைத்துப் பார்ப்பார்கள். அது சொன்னால் மேல்முறையீடு கிடையாது. அதனால் அன்று நாட்டின் நீதித்துறைத் தலைமைப் பதவியின் பெயராக இருந்த லார்ட் சான்ஸலர் என்பதையே அதற்கு வைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, மாட்ஸ்லியின் நீதிபதி முன்னால் பொருளே வந்து நின்றது. தீர்ப்பு பொருளைத் தொட்ட பிறகுதான். என் திரையில் இருக்கும் எண் பொருளைத் தொடவே இல்லை. டூல் முனை மழுங்கியிருந்தால் அதற்குத் தெரியாது. நீளமான மெல்லிய கம்பி டூலுக்குப் பயந்து நடுவில் விலகி, முடிந்த பிறகு பீப்பாய்போல நடுவில் தடித்து நிற்பதும் தெரியாது. மிகக் குறைவாகச் சீவப் போனால் டூல் வெட்டாமல் உரசிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் வெட்டும் சத்தம் சரசரப்பிலிருந்து ஒரு மெல்லிய சீழ்க்கைக்கு மாறும், பிசிறு சுருளாக வராமல் தூளாக உதிரும். காதும் கண்ணும் அங்கே இருந்தால் போதும், புரிந்துவிடும். ஆனால் திரையில் ஓர் எண் இருக்கும்போது கண் அங்கேதான் போகிறது. என் கண்ணும் போகிறது. டூல் முனையைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை ஒரு முழம் தள்ளி நகர்ந்துவிட்டதை வேலையின் நடுவில் நானே உணர்கிறேன். கருவியால் வரும் இழப்பு என்று ஒன்று இருந்தால் அது இந்த ஒரு முழ இடமாற்றம்தான். அது ஸ்கேலின் குற்றமும் அன்று. எங்கே பார்ப்பது என்பது இன்னமும் நம் தீர்மானம்.

ஆகவே என் முடிவு இது. ஸ்கேலைப் பொருத்துங்கள், தாராளமாக, தயக்கமில்லாமல். நீள வேலைக்கும், படிகள் வெட்டுவதற்கும், கால் மில்லிமீட்டர் மிச்சம் வரும்வரை வேகமாகச் சீவி வருவதற்கும் அதைப்போல உதவி இல்லை. சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்த மனத்துக்கு ஓய்வு கிடைக்கும். ஆனால் ஸ்கேல் வாங்குவதற்கு முன்பே நல்லதாக ஒரு மைக்ரோமீட்டர் வாங்கிவிடுங்கள். கடைசி இரண்டு சீவலுக்கு முன் லேத்தை நிறுத்தி, ஜாப்பை ஆறவிட்டு, மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த அளவைத் திரையில் ஏற்றுங்கள். திரை சொல்வதை ஜாப்பின் மேல் ஏற்றாதீர்கள். பிராக்கெட்டுக்குத் தகரத்தை நம்பாமல் தடித்த பட்டையில் செய்யுங்கள். பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பையன்களுக்கு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு நிமிட வேலை. அந்த எண் எப்போதெல்லாம் தவறாக இருக்கும் என்பதைக் கற்றுக்கொடுக்க உங்களை விட்டால் ஆளில்லை. அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.